கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளி விடுமுறை

சென்னையில் ஏறி, நடுவழியில் ஏதோ ஒரு விமான நிலைய நாற்காலியில் தூங்கி வழிந்து, ஒருவழியாக ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேரும் விமானத்தின் சக்கரங்கள் தொடுவது ஓர் ஏரியின் அடித்தரையை. ஸ்கிபோல் விமான நிலையம் இருக்கும் இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஹார்லம் ஏரி அலையடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புயலிலும் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பெருத்த ஏரி அது. 1836இல் அடித்த புயல்களில் அதன் தண்ணீர் ஆம்ஸ்டர்டாமின் வாசல் வரைக்கும் ஏறி வந்தது, லெய்டன் நகரத் தெருக்களுக்குள்ளும் புகுந்தது. இனி பொறுப்பதில்லை என்று முடிவெடுத்த டச்சுக்காரர்கள், மூன்று ராட்சத நீராவி இயந்திரங்களை நிறுவி 1849 முதல் 1852 வரை இறைத்து, ஏரியையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். விமான நிலையம் இன்றும் கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழேதான் இருக்கிறது.

இந்தக் கதையை இறங்குவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. நெதர்லாந்தில் பார்க்கவிருக்கும் காற்றாலை, கால்வாய், மலர் வயல், ஏன் பாலாடைக்கட்டி வரைக்கும் எல்லாமே இந்த ஒரே கதையின் கிளைகள்.

கோடை விடுமுறை வந்தால் ‘பத்து நாள், எட்டு நாடு’ என்று பத்திரிகைகளில் ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். பணம் கட்டிப் போய்வந்த குடும்பங்களைக் கேட்டால், பிள்ளைகளுக்கு நினைவிருப்பது பெரும்பாலும் பேருந்து இருக்கையும் கழிப்பறை வரிசையும்தான். பெரியவர்களுக்கு எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதில் சந்தேகம். நான்கைந்து நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரே நாடு, அதுவும் சின்ன நாடு என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நெதர்லாந்தின் பரப்பளவு ஏறக்குறைய 41,500 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து உட்ரெக்ட் ரயிலில் அரை மணி நேரம், லெய்டனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், விரைவு ரயிலில் ராட்டர்டாம் சுமார் 40 நிமிடம். ஒரே ஊரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஒரு திசையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். பெட்டியைக் கட்டிப் பிரித்துக் கட்டும் வேலை கிடையாது. குழந்தைகளோடு பயணம் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காலமும் பொருந்திவருகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கும் ஏப்ரல் பிற்பகுதியில்தான் அங்கே டூலிப் மலர்கள் உச்சத்தில் இருக்கும். ஆனால் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கும் ‘மே விடுமுறை’ தொடங்குவது அதையொட்டித்தான். டச்சு அரசு நாட்டை வடக்கு, நடு, தெற்கு என்று மூன்றாகப் பிரித்து, கோடை விடுமுறையையும் இலையுதிர்கால விடுமுறையையும் வசந்தகால விடுமுறையையும் வெவ்வேறு வாரங்களில் விடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி நெடுஞ்சாலையை அடைக்கக் கூடாதே என்பதற்காக. மே விடுமுறைக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் மட்டும் நாடு முழுக்க ஒரே தேதி. பள்ளி நாளில் பிள்ளையை ஊர் சுற்ற அழைத்துப் போகும் பெற்றோருக்கு அபராதம் உண்டு. வருகைப் பதிவைக் கவனிக்கவே தனி அதிகாரி இருக்கிறார். ஆகவே விடுமுறை விட்டதும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து புறப்படுகிறது. விருந்தாளியாகப் போகிறவர்கள் அந்த வாரங்களுக்கு ஒரு வாரம் முன்னதாகப் போய்விட்டால் நெரிசலும் குறைவு, அறை வாடகையும் குறைவு.

முதலில் மலர்கள். லிஸ்ஸ என்ற ஊரில் இருக்கும் கியூகென்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே இரண்டாம் வாரம் வரை, வருடத்தில் எட்டே வாரம் திறந்திருக்கும். 32 ஹெக்டேர் பரப்பு. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நட்டு வைக்கிறார்கள். பருவம் முடிந்ததும் தோண்டி எடுத்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் புதிதாக நடுகிறார்கள். 1950இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்ததே மலர்க்கிழங்கு வியாபாரிகள் தங்கள் சரக்கைக் காட்டுவதற்காகத்தான். இன்றும் அடிப்படையில் அது ஒரு வியாபாரக் கண்காட்சி. அழகில் மயங்கி நிற்கும்போது இது நினைவுக்கு வராது, அவ்வளவுதான். நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும். இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

தோட்டத்தைவிட வெளியே இருக்கும் வயல்கள்தான் பலருக்கும் பிடித்துப்போகின்றன. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பட்டை பட்டையாக அடிவானம் வரை ஓடும். கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் இந்த மணற்பாங்கான நிலம் கிழங்குக்கு ஏற்றது. ஒருநாள் மலர்ந்து நின்ற வயல் மறுநாள் பச்சையாக நிற்பதைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் திகைத்துப்போவது உண்டு. இயந்திரம் ஒன்று வந்து எல்லாப் பூக்களின் தலையையும் சீவித் தள்ளிவிட்டுப் போயிருக்கும். விவசாயிக்கு வேண்டியது மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு. பூ நின்றால் அது கிழங்குக்குப் போகவேண்டிய சத்தை உறிஞ்சிவிடும். படம் எடுக்கிற ஆசையில் வயலுக்குள் இறங்கக் கூடாது. செருப்பு மண்ணோடு நோய் பரவும். மிதிபட்ட செடி போனது போனதுதான். வேலியும் பலகையும் போட்டும் இந்தத் தகராறு ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

டூலிப் ஐரோப்பாவின் பூவே அல்ல. உதுமானியப் பேரரசின் தோட்டங்களிலிருந்து வந்தது. கரோலஸ் க்ளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1593இல் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் கிழங்குகளை நட்டார். அடுத்த வசந்தத்தில் அவை பூத்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பணம் படைத்தவர்களின் மோகம் அதன்மேல் எகிறியது. வெள்ளையில் சிவப்புத் தீற்றல் போட்ட ‘செம்பர் அகஸ்டஸ்’ ரகத்துக்குத்தான் அதிக விலை. அந்தத் தீற்றலுக்குக் காரணம் அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் என்பது பல நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதாவது நோயாளிச் செடிக்குத்தான் அத்தனை விலை! 1636-37 குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கின் பேரிலேயே மதுக்கடைகளில் ஒப்பந்தங்கள் கைமாறின. 1637 பிப்ரவரியில் ஹார்லமில் ஓர் ஏலத்தில் கேட்பாரில்லாமல் போக, விலை சரிந்தது. ஊரே திவாலாகிப் பலர் கால்வாயில் விழுந்து செத்தார்கள் என்பது பின்னால் சேர்ந்த மசாலா. ஆன் கோல்ட்கர் போன்ற வரலாற்றாசிரியர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, அப்படிப் பெரிய நாசம் எதுவும் நடக்கவில்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 27 மன்னரின் பிறந்தநாள். அன்று நாட்டில் இருக்க நேர்ந்தால் அருங்காட்சியகங்களை மறந்துவிட்டுத் தெருவுக்குப் போவதே மேல். எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில் அலைவார்கள். அனுமதியும் வரியும் இல்லாமல் யாரும் தெருவில் கடை போடலாம் என்பதால், பிள்ளைகள் நடைபாதையில் போர்வையை விரித்துத் தங்கள் பழைய பொம்மைகளையும் புத்தகங்களையும் விற்பார்கள். சிலர் வயலின் வாசித்துக் காசு சேர்ப்பார்கள். பேரம் பேசலாம். மொழி தெரியாத சிறுவன் ஒருவன் விரலைக் காட்டியே இன்னொரு சிறுவனிடம் பொம்மைக் கார் வாங்கிவிடும் காட்சியை அன்று தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

இனி தண்ணீர்.

ராட்டர்டாமிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் கிண்டர்டைக். 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1738-40 காலத்தில் கட்டியவை, 1997 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். காற்றாலை என்றதும் மாவு அரைப்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் பலர். இவை மாவு அரைத்தவை அல்ல; தண்ணீர் இறைத்தவை. நம் ஊர் ஏற்றம் கிணற்றிலிருந்து நீரை எடுத்து வயலுக்குக் கொடுத்தது. இந்தக் காற்றாலைகள் வயலிலிருந்து நீரை எடுத்து ஆற்றுக்குக் கொடுத்தன. காற்றில் இறக்கை சுழல, அடியில் இருக்கும் பெரிய மரச்சக்கரம் தண்ணீரைத் தள்ளி மேலே ஏற்றும். ஒரு சக்கரத்தால் ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் ஏற்ற முடியும். எனவே தாழ்வான கால்வாயிலிருந்து உயரமான தேக்கத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு, ஆற்றில் நீர்மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து லெக் ஆற்றில் விடுவார்கள். சில காற்றாலைகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. அருங்காட்சியகமாக மாறியவற்றுக்குள் போய்ப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அலமாரி போன்ற கட்டில்களில் நெருக்கியடித்துத் தூங்கிய அறைகளைப் பார்த்தால், தனி அறை கேட்கும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? அந்த மண்ணில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மேற்கு நெதர்லாந்தின் பெரும்பகுதி மட்கிய தாவரங்கள் சேர்ந்த கரி மண். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அது கடல் மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. விவசாயம் செய்ய வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். காய்ந்த கரி மண்ணில் காற்றுப் பட்டதும் அது மட்கிக் கரைந்து நிலம் அமுங்கியது. அமுங்கிய நிலத்தில் மறுபடி தண்ணீர் நின்றது. மறுபடி வடித்தார்கள், இன்னும் அமுங்கியது. வாய்க்கால் போதாமல் காற்றாலை வந்தது, காற்றாலை போதாமல் நீராவி வந்தது, பிறகு டீசல், மின்சாரம். இன்று நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தினால் ஊர் குளமாகிவிடும். கடல் இவர்கள் நிலத்தைப் பறித்தது என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பாதிக் கதையில் நிலத்தைத் தாழ்த்தியவர்கள் இவர்களேதான்.

அணையில் விழுந்த ஓட்டையை விரலால் அடைத்து இரவு முழுக்க நின்று ஊரைக் காப்பாற்றிய டச்சுச் சிறுவனின் கதையைப் பலர் பள்ளியில் படித்திருப்பார்கள். அதை உலகம் முழுக்கப் பரப்பியது மேரி மேப்ஸ் டாட்ஜ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 1865ஆம் ஆண்டு நாவல். டச்சுக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். மண் கரை உடைகிறபோது விரலால் ஆகக்கூடியது எதுவுமில்லை.

நிஜமாகவே கரை உடைந்தது 1953இல். ஜனவரி 31 இரவு, வடகடலில் புயலும் பௌர்ணமியையொட்டிய பெருவோதமும் சேர்ந்துகொள்ள, தென்மேற்கில் இருக்கும் சீலாந்து மாநிலத்திலும் சுற்றுப்புறங்களிலும் கரைகள் பல இடங்களில் பிளந்தன. 1,836 பேர் இறந்தார்கள். கடைசி உடைப்பை அடைக்க நவம்பர் வரை ஆனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தற்காலிகத் துறைமுகம் அமைக்க உருவாக்கிய பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி அடைத்தார்கள். ஓவர்கெர்க் என்ற ஊரில் அந்த நான்கு பெட்டிகளுக்குள்ளேயே இப்போது வெள்ள அருங்காட்சியகம் இயங்குகிறது. ஒருநாளை ஒதுக்கி, கார் எடுத்துக்கொண்டு போக வேண்டிய தூரம். சுற்றுலாப் புத்தகங்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் போடுகின்றன; முதல் பக்கத்தில் போடவேண்டிய இடம்.

அதற்கு அருகிலேயே இருக்கிறது கிழக்கு ஸ்கெல்ட் தடுப்பணை: 9 கிலோமீட்டர் நீளம், 62 எஃகுக் கதவுகள், 1986இல் அரசி பியாட்ரிக்ஸ் திறந்துவைத்தது. முதலில் போட்ட திட்டப்படி கழிமுகத்தின் வாயை முழுக்க அடைத்துவிடுவதாகத்தான் இருந்தது. அப்படிச் செய்தால் சிப்பியும் மீனும் அழிந்துபோகும் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் போராடினார்கள். அரசு இறங்கிவந்தது. அதனால்தான் சாதாரண நாள்களில் கதவுகள் திறந்தே இருக்கின்றன, ஓதம் உள்ளே போய் வருகிறது. புயல் வந்தால் மட்டும் இறக்குகிறார்கள். செலவு பல மடங்கு கூடியது. சிப்பிகள் பிழைத்தன.

நீரைப் பார்த்துக்கொள்ள இந்நாட்டில் தனி ஆட்சியமைப்பே உண்டு. ‘நீர் வாரியம்’ என்று சொல்லலாம்; மொத்தம் 21. சிலவற்றின் வேர் 13ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. நாட்டுக்கு நாடாளுமன்றம் வருவதற்கு முன்பே கரை பராமரிக்க மக்கள் கூடிப் பேசி வரி போட்டிருக்கிறார்கள். இன்றும் அதற்குத் தனித் தேர்தல், தனி வரி.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. கால்வாய்ப் படகில் ஒரு மணி நேரம், ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியம் (18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம்), நெமோ அறிவியல் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு அரை நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அணைச் சதுக்கத்தில் நிற்கும் அரண்மனை 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். சேற்றில் எழுந்த நகரம் அல்லவா. தெருவில் கவனிக்க வேண்டியது சைக்கிள். மக்கள்தொகை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம், சைக்கிள் அதைவிட அதிகம். சிவப்புப் பாதை அவர்களுடையது. அதில் நின்று தற்படம் எடுத்தால் மணி அடிப்பார்கள். இரண்டாம் முறை மணியோடு வசவும் வரும்.

பிரின்சென்கிராக்ட் கால்வாயோரம் 263ஆம் எண் வீட்டுக்கு மட்டும் நேரம் ஒதுக்க வேண்டும். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நாஜிகளுக்கு அஞ்சி மறைந்திருந்த இடம். மொத்தம் எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள். முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர் தந்தை ஓட்டோ ஒருவர்தான். அறைகளில் மேசை நாற்காலி எதுவும் இல்லை. வெறுமையாகவே இருக்கட்டும் என்றார் அவர். சுவரில் மகள்களின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவந்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகலாம். நுழைவுச்சீட்டு இணையத்தில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் தள்ளிய தேதிகளுக்கு விடுகிறார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். வாசலில் போய் நின்று கேட்டுப் பயனில்லை. மே 4 அன்று நாட்டில் இருப்பவர்கள் இரவு 8 மணிக்கு நடப்பதையும் பார்க்கலாம்: போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். டிராம்களும் ரயில்களும்கூட நின்றுவிடும்.

தமிழர்களுக்கு லெய்டனில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்ததைச் சொல்லும் 21 செப்பேடுகள், டச்சுக்காரர்கள் 1658 முதல் நாகையை ஆண்ட தொடர்பால் கடல் கடந்து போய், நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தன. வரலாற்று நூல்களில் அவற்றுக்கு ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே பெயர். சிவனை வழிபட்ட சோழன், பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த கொடை. அதை எழுதிய செம்பு இருந்தது டூலிப் ஊரில். க்ளூசியஸின் தாவரவியல் தோட்டமும் அதே பல்கலைக்கழகத்தினுடையதுதான், நடந்தே போய்விடலாம்.

சாப்பாடு? காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் சாக்லேட் தூவல் கொட்டித் தின்பது இங்கே வழக்கம். பிள்ளைகள் ஊர் திரும்ப மறுப்பதற்கு இது ஒன்றே போதும். சோற்றுக்கும் குழம்புக்கும் ஏங்குகிறவர்கள் சூரிநாம் உணவகங்களைத் தேடலாம். 1873 முதல் இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவின் டச்சுக் காலனியான சூரிநாமுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன போஜ்புரி மக்களின் வாரிசுகள், 1975இல் அந்நாடு விடுதலை பெற்றதையொட்டி ஆயிரக்கணக்கில் நெதர்லாந்தில் குடியேறினார்கள். அவர்கள் கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்கு மசாலாவும் காராமணிக்காய்ப் பொரியலும் கிடைக்கும். சைவமாகக் கேட்டு வாங்கலாம். தி ஹேக் நகரில் இத்தகைய கடைகள் நிறைய.

விசா வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்கும் சின்னவர்களுக்கு இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏப்ரல் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகக் கூடாது: பகலிலேயே 10 முதல் 15 டிகிரிதான் இருக்கும், காற்று குடையைத் திருப்பிவிடும். மழை அங்கி உதவும். ரயில், டிராம், பேருந்து எதிலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறித் தட்டி இறங்கலாம். ஆனால் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ரயிலில் நாள் முழுக்கச் செல்லும் மலிவான தனிச் சீட்டு உண்டு. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகைக்கு மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி போடுகிறார்கள் என்பதால், ஹார்லம், லெய்டன் போன்ற பக்கத்து ஊர்களில் தங்குவது பைக்கு நல்லது.

ஏப்ரலில் முடியாதவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை இருக்கிறது. அப்போது டூலிப் கிடையாது. ஆனால் புயல் காலம் தொடங்குமுன் செப்டம்பரில் ஒருநாள், ராட்டர்டாம் துறைமுகத்தின் வாயில் இருக்கும் மாஸ்லாண்ட் தடுப்பை ஒத்திகைக்காக மூடிப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள் கரையிலிருந்து மெதுவாக நகர்ந்து வந்து 360 மீட்டர் அகல நீர்வழியை அடைக்கும். மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கணினி. 1997இல் கட்டி முடித்த அந்தத் தடுப்பு, வெள்ள அபாயத்தைக் கண்டு தானாகவே மூடிக்கொண்டது 2023 டிசம்பரில்தான். ஒத்திகை நாளில் கரையில் நின்று வேடிக்கை பார்க்க உள்ளூர்க் குடும்பங்கள் திரளும். தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள்.